வன்னியில் ஒரு எஸ்.ரி.டி கிளினிக்: இரகசியம் எங்கே நிற்கிறது, எங்கே கசிகிறது

ஆஸ்பத்திரியின் பெயரை எழுதப்போவதில்லை. வன்னிக்குள் இருக்கும் ஓர் அரச ஆஸ்பத்திரி, அதில் உள்ள பாலியல்நோய் சிகிச்சைப் பிரிவு, ஆக்கள் எஸ்.ரி.டி கிளினிக் என்று சொல்வது. இவ்வளவு போதும். பெயரைப் போட்டால் அங்கே எச்.ஐ.வி மருந்து எடுக்கிறவர்களில் வயறிங் வேலை செய்பவன் யார் என்று அரை நாளில் கண்டுபிடித்துவிடுவார்கள். கொழும்பில் இருக்கிறவன் தன் வயதையும் தொழிலையும் சொல்லலாம், அவனைப்போல அங்கே பலர் இருப்பார்கள். எங்கள் பக்கம் சனம் குறைவு. வயது, தொழில், ஊர் மூன்றையும் சொன்னால் பெயரைச் சொன்ன மாதிரித்தான்.

போகப் பயந்து வீட்டில் இருக்கும் ஆக்களுக்காக இதை எழுதுகிறேன். "போனால் ஊருக்குத் தெரிஞ்சிடும்" என்பதுதான் நான் கேட்ட எல்லாக் காரணங்களுக்கும் அடியில் கிடக்கிற காரணம். அந்தப் பயத்தில் எவ்வளவு உண்மை என்று போய்வருகிறவன் சொன்னால்தான் நம்புவார்கள். அதனால் டொக்டர் கெட்டிக்காரரா, காத்திருக்க எவ்வளவு நேரம் என்பதையெல்லாம் சுருக்கமாகத்தான் சொல்வேன். என் கோப்பு யார் கையில் இருக்கிறது, யார் கண்ணில் படுகிறது என்பதைத்தான் இங்கே வடிவாகப் பார்க்கப்போகிறேன்.

எனக்குத் தெரியவந்தது வெளிநாட்டு மெடிக்கலில். வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள் செய்தே ஆகவேண்டிய அந்தப் பரிசோதனையில் எச்.ஐ.வியும் ஒன்று. 'ஃபிட்' அல்லது 'அன்ஃபிட்' என்று முடிவு வரும். என்னுடைய முடிவு எனக்கு வரமுதல் ஏஜென்சிக்குப் போனது. ஏஜென்சியிலிருந்து எங்கள் ஊர்ப் பக்கத்துச் சப் ஏஜென்டுக்குப் போனது. அவர் போன் எடுத்து, "தம்பி, உம்மட ரத்தத்தில ஒரு பெரிய வருத்தம் இருக்காம், கெதியா ஆஸ்பத்திரிக்குப் போம்" என்றார். என்ன வருத்தம் என்று சொல்லவில்லை. ஆனால் அவருக்குத் தெரியும் என்பது அவர் கதைத்த விதத்தில் விளங்கியது. பேந்து ஒருநாள் அவருடைய மனுசி சந்தையில் என் மாமியைக் கண்டு, "மருமோன் சுகமா இருக்கிறாரோ, மெலிஞ்சு போனாராமே" என்று கேட்டிருக்கிறா. நான் மெலியவே இல்லை.

ஒரு டொக்டர் என்னோடு ஒரு வார்த்தை கதைக்க முதல் இவ்வளவும் நடந்து முடிந்துவிட்டது. முதல் ரெஸ்டில் 'ரியாக்டிவ்', அதாவது தொற்று இருக்கலாம், என்று வருவது கடைசி முடிவு இல்லை, வேறு பரிசோதனையால் அதை உறுதிப்படுத்தவேண்டும் என்பதுகூட எனக்குப் பிறகு கிளினிக்கில்தான் தெரிந்தது. உறுதிப்படாத ஒரு சங்கதி மூன்று கை மாறிச் சந்தைக்குப் போயிருக்கிறது. அந்த இடங்களில் யாருக்கும் தாங்கள் பிழை விட்டதாகவே தோன்றவில்லை என்பதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம்.

வன்னியில் இது இன்னும் சுலபமாக நடக்கும், அதற்கு ஒரு காரணமும் இருக்கிறது. 2009 இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் பெயர் பதிந்ததில் தொடங்கி, மீள்குடியேற்றம், வீட்டுத்திட்டம், கிணற்றுத்திட்டம், வாழ்வாதார உதவி என்று எங்கள் சனம் தங்கள் விபரத்தைக் கொடுத்துக்கொண்டே வந்திருக்கிறது. வீட்டில் எத்தனை பேர், யாருக்குக் காயம், யார் காணாமல் போனது, யாருக்கு என்ன வருத்தம் என்று கேட்பார்கள். சொல்லாவிட்டால் உதவிப் பட்டியலில் பெயர் வராது. மரத்தடியில் கதிரை போட்டு, அயல் முழுக்கச் சுற்றி நிற்க, இதையெல்லாம் சத்தமாகக் கேட்டு எழுதுவார்கள். 'அஸ்வெசும' உதவித்தொகைக்குப் பதிய வந்தபோதும் "வீட்டில நாட்பட்ட நோயாளி ஆரும் இருக்கினமோ" என்ற கேள்வி வந்தது. பக்கத்து வீட்டு அன்ரி வேலியில் கை வைத்துக்கொண்டு நின்றா. அம்மாவின் பிறஷரையும் சீனியையும் மட்டும் சொன்னேன். எங்கள் உடம்பின் விபரத்தைக் கேட்டு வருகிறவரிடம், அதை எங்கே வைப்பீர்கள், யாருக்குக் காட்டுவீர்கள் என்று திருப்பிக் கேட்க எங்களை யாரும் பழக்கவில்லை.

இந்த நிலைமையில்தான் கிளினிக்குக்குப் போனேன்.

முதல் குறை வாசலுக்கு வெளியே இருக்கிறது. பெயர்ப் பலகை மூன்று மொழியிலும் பெரிதாக, ஓபிடி என்கிற வெளிநோயாளர் பிரிவின் வரிசையைப் பார்த்தபடி நிற்கிறது. வரிசையில் நிற்பவர்களுக்குச் செய்ய வேறு வேலை இல்லை, அந்தக் கதவுக்குள் யார் போகிறார்கள் என்று பார்ப்பார்கள். பக்கத்தில் இன்னும் இரண்டு பிரிவுகளுக்குப் போகும் பொதுவான ஓடை இருக்கிறது. அந்தப் பக்கத்தால் ஒரு வாசல் திறந்துவிட்டால் யார் எங்கே போகிறார் என்று ஒருவருக்கும் தெரியாது. அதற்குச் செலவு ஒரு கதவும் ஒரு நாள் மேசன் வேலையும்தான்.

உள்ளே போனதும் நிலைமை வேறு. அடையாள அட்டை கேட்கவில்லை. ஓர் எண் தந்தார்கள். அங்கே இருந்த மிஸ் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "தம்பி, இங்க உங்கட பேரைச் சொல்லிக் கூப்பிடமாட்டம், இந்த நம்பரைத்தான் கூப்பிடுவம். வெளியில என்னைக் கண்டால் நானாச் சிரிக்கமாட்டன், குறை நினைக்காதேங்கோ. நீங்கள் சிரிச்சால் நானும் சிரிப்பன்." அதன்பிறகு பஸ்ஸிலும் முறிகண்டிப் பிள்ளையார் கோயிலிலும் அவவைக் கண்டிருக்கிறேன். சொன்னபடிதான் நடந்தா. ஒருக்கால் நான் சிரித்தேன், அவவும் சிரித்துவிட்டு, "அம்மா சுகமோ" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டா. இரகசியம் காப்பது என்றால் என்னவென்று இந்த ஆஸ்பத்திரியில் முழுமையாக விளங்கியவர் அவர்தான் என்பது என் எண்ணம்.

மற்றக் கிளினிக்குகளில் கொப்பி எங்கள் கையில் இருக்கும். அம்மாவின் கிளினிக் கொப்பி எங்கள் வீட்டு ரீவிக்கு மேலே கிடக்கிறது. வந்தவர் போனவர் எல்லாரும் புரட்டிப் பார்த்து, "சீனி கூடிப்போச்சு போல" என்பார்கள். இங்கே கோப்பு கிளினிக்கை விட்டு வெளியே வராது. எனக்குத் தந்தது எண்ணும் அடுத்த திகதியும் எழுதிய சின்ன அட்டை. வருத்தத்தின் பெயர் அதில் எங்கும் இல்லை. போன் எடுக்கலாமா, எடுத்தால் யார் என்று சொல்லவேண்டும், வேறு ஆள் எடுத்தால் என்ன சொல்வது என்று முதல் நாளே கேட்டு எழுதிக்கொண்டார்கள். அந்த இலக்கத்தை என் போனில் ஒரு வயர்க் கடையின் பெயரில் போட்டிருக்கிறேன். ஒருமுறை மழைக்குப் பாதை வெட்டி ஓடி நான் போகமுடியாமல் போனபோது, "ஓடர் குடுத்த சாமான் வந்திருக்கு, எப்ப எடுப்பியள்" என்று அழைப்பு வந்தது. போனை எடுத்தவ என் அக்கா. அவவுக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை.

மருந்தும் அங்கேயே கிடைக்கிறது. பொதுப் பார்மசி ஜன்னலில் நின்று பெயர் கூப்பிடக் காத்திருக்கத் தேவையில்லை. இது சின்ன விஷயம் இல்லை. இப்போது நான் எடுப்பது நாளுக்கு ஒரு குளிசை. டெனோஃபோவிர், லாமிவுடின், டொலுடெகிரவிர் மூன்றும் அதற்குள் இருக்கின்றன. இலங்கையில் எச்.ஐ.வி மருந்து 2004 இலிருந்து இலவசமாகக் கொடுக்கப்படுகிறது, நான் ஒரு சதமும் கட்டவில்லை. போத்தலின் லேபலில் மூன்று பெயரும் அச்சாக இருக்கிறது. இப்போது பள்ளிக்கூடப் பிள்ளையும் போனில் அடித்துப் பார்த்தால் என்ன மருந்து என்று கண்டுபிடித்துவிடும். நான் கேட்டதும் மிஸ் லேபலை உரித்து அங்கேயே கிழித்துப் போட்டா. போத்தலை மட்டும் மாற்றவேண்டாம், உள்ளே இருக்கிற ஈரம் உறிஞ்சும் சின்னப் பையையும் எறியவேண்டாம் என்றா. மருந்து ஈரத்தில் பழுதாகாமல் இருக்க அது வேண்டுமாம்.

டொக்டரின் அறைதான் எனக்கு ஏமாற்றம். டொக்டர் நல்லவர். நான் கேட்கும் கேள்விக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொல்வார், கதவைப் பூட்டிவிட்டுத்தான் கதைப்பார். ஆனால் அறையைப் பிரிக்கிற பலகைத் தட்டி சீலிங் வரைக்கும் போகவில்லை. மேலே மூன்று அடி வெளி. நான் வீடுகளில் வயர் இழுக்கிறவன், இந்த மாதிரி இடைவெளி என் கண்ணில் முதலில் படும். அந்தப் பக்கம் பதிவு மேசை, அதற்கு முன்னால் ஆக்கள் இருக்கும் வாங்கு. எனக்கு முன்னால் போன ஒரு பெடியன் அழுததையும், அவன் என்ன சொல்லி அழுதான் என்பதையும் வாங்கில் இருந்த நாங்கள் எல்லாரும் கேட்டோம். பெயரை எண்ணாக்கி, கோப்பைப் பூட்டி, போனில் கடைக்காரராகக் கதைத்து இவ்வளவு கவனமாக இருக்கிறவர்கள், அந்த மூன்று அடியை விட்டுவிட்டார்கள். யாரும் வேண்டுமென்று விட்டதல்ல, கட்டடம் போட்டவர்கள் அறை என்றால் நாலு தட்டி என்று நினைத்திருக்கிறார்கள்.

இப்போது கொப்பி மாறிக் கணினி வருகிற காலம். தேசிய பாலியல்நோய், எயிட்ஸ் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டம் தன் கிளினிக்குகளுக்கென்று தனி இலத்திரனியல் முறை வைத்திருக்கிறது. நான் டொக்டரிடம் நேரேயே கேட்டேன்: "என்ர பேரை வாட்டில இருக்கிற டொக்டர் அடிச்சுப் பாத்தால் இது வருமோ?" அவர் சொன்னார்: "இல்லைத் தம்பி, அது வேற, இது வேற. அங்க தெரியவேணுமெண்டால் உங்களைக் கேட்டுத்தான் கடிதம் தருவன்." ஆர் ஆர் இதைத் திறக்கலாம் என்றும் கேட்டேன். எண்ணிச் சொன்னார். அந்தப் பதில் எனக்குப் பிடித்தது, ஏனென்றால் இந்த விஷயத்தில் ஆபத்து பெரும்பாலும் தூரத்தில் இருந்து வருவதில்லை. 2019 ஜனவரியில் சிங்கப்பூரில் எச்.ஐ.வி பதிவேட்டில் இருந்த 14,200 பேரின் விபரம் இணையத்தில் வெளியானது தெரியவந்தது. பதிவேட்டைத் திறக்க அதிகாரம் இருந்த ஒரு டொக்டரின் துணைவர் கையில்தான் அது இருந்தது. 2015 இல் லண்டனில் ஒரு கிளினிக் தன் ஆக்களுக்குச் செய்திமடல் அனுப்பியபோது, எல்லாருடைய மின்னஞ்சல் முகவரியும் எல்லாருக்கும் தெரிகிற மாதிரிப் போட்டு அனுப்பிவிட்டது, ஏறத்தாழ 780 பேருக்கு. முதலாவது சாவி வைத்திருந்தவர் பக்கத்தால் போனது, இரண்டாவது முகவரிகளை மறைக்கிற பெட்டியில் போடாமல் எல்லாருக்கும் தெரிகிற பெட்டியில் போட்டதால் போனது. அவ்வளவு வசதியான ஊர்களிலேயே அப்படி என்றால், எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரே கடவுச்சொல்லை மூன்று பேர் பாவிக்கிறார்களா என்று நான் கேட்பதில் தப்பில்லை. கேட்டேன். ஒவ்வொருவருக்கும் தனித்தனி என்றார்கள். கணினித் திரை மட்டும் வாசல் பக்கம் பார்த்தபடி இருந்தது. அடுத்த முறை போனபோது திருப்பி வைத்திருந்தார்கள். அதற்காக அவர்களுக்கு நன்றி.

கிளினிக்கின் கவனம் கிளினிக் வாசலோடு நின்றுவிடுகிறது. நான் டெங்குவில் வேறொரு ஆஸ்பத்திரி வாட்டில் கிடந்தபோது இதை அனுபவித்தேன். சேர்க்கும்போது பார்த்த டொக்டரிடம் நானே சொன்னேன். சொல்லத்தான் வேண்டும், மருந்துகள் ஒன்றோடொன்று முட்டும். டொலுடெகிரவிர் எடுக்கிறவருக்கு இரும்புச்சத்துக் குளிசையோ வயிற்றெரிவு மருந்தோ கொடுத்தால் நேரம் பார்த்துக் கொடுக்கவேண்டும். நான் அவருக்குச் சொன்னேன், அவர் நோயாளியின் விபரம் எழுதும் கட்டில் ரிக்கற்றின் முன்பக்கத்தில் சிவப்புப் பேனையால் மூன்று ஆங்கில எழுத்தைப் பெரிதாக எழுதிவிட்டார். ரிக்கற் கட்டில் காலடியில் தொங்கியது. சாப்பாடு கொண்டுவந்த சிற்றூழியர் தட்டை மேசை விளிம்பில் வைத்துத் தள்ளிவிட்டார். பக்கத்துக் கட்டில் ஐயாவைப் பார்க்க வந்த மகன் ஏ.எல் படிக்கிற பிள்ளை. வாசித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான், பின்னேரம் ஐயாவை வேறு கட்டிலுக்கு மாற்றினார்கள்.

எழுத்து எதற்கு என்று கேட்டதற்கு, "எங்கட பாதுகாப்புக்கு" என்றார்கள். இதைக் கிளினிக் டொக்டரிடம் பிறகு கேட்டேன். ரத்தத்தோடு வேலை செய்யும்போது கையுறை, ஊசி எறியும் பெட்டி எல்லாம் எல்லா நோயாளிக்கும் ஒரே மாதிரித்தான் பாவிக்கவேண்டும், யாருக்குத் தொற்று இருக்கிறது என்று பார்த்தாலே தெரியாது, அதனால்தான் அந்த விதியே வந்தது என்றார். கட்டிலில் எழுதிவைப்பதால் தாதிக்கு ஒரு பாதுகாப்பும் கூடாது. எழுதாமல் கிடக்கிற மற்றக் கட்டிலில் கவனம் குறைவதுதான் மிச்சம். என்னுடைய வைரஸ் அளவு இப்போது பரிசோதனையில் பிடிபடாத அளவுக்குக் கீழே இருக்கிறது. ஒரு மில்லிலீற்றர் ரத்தத்தில் வைரஸை 200 பிரதிக்குக் கீழே அப்படியே வைத்திருக்கிறவரிடமிருந்து உடலுறவால் தொற்றாது என்பது பெரிய ஆய்வுகளால் உறுதியானது. சாப்பாட்டுத் தட்டால் எந்தக் காலத்திலும் தொற்றியதில்லை.

"அப்பிடி ஆபத்து இல்லையெண்டால் ஏன் ஒளிக்கிறாய்" என்று என் அத்தான் ஒருக்கால் கேட்டார். அவரிடமும் அக்காவிடமும் நானே, நேரம் பார்த்து, டொக்டர் எழுதித்தந்ததை வைத்துக்கொண்டு சொன்னேன். முதலில் அக்கா அழுதா, பேந்து என்ன சாப்பிடலாம் என்று கேட்டா. இப்போது மருந்து நேரத்துக்கு அவவே ஞாபகப்படுத்துவா. அது நான் சொன்னதால் வந்தது. மாமிக்குச் சந்தையில் தெரியவந்ததால் இன்றைக்கும் அவ வீட்டுக்கு வந்தால் தேத்தண்ணி குடிக்கிறதில்லை. விஷயம் ஒன்றுதான், போய்ச்சேர்ந்த வழி வேறு. யாருக்கு, எப்போது, எப்படிச் சொல்வது என்பது என் கையில் இருக்கவேண்டும் என்று அத்தானுக்குச் சொன்னேன். அவருக்கு விளங்கியது.

வதந்தி ஒன்றே போதும் என்பதற்கு நாடறிந்த சம்பவம் இருக்கிறது. குளியாப்பிட்டியில் ஒரு சின்னப் பிள்ளைக்கு எச்.ஐ.வி என்று கதை பரவி, மற்றப் பெற்றோர் எதிர்த்து, பிள்ளைக்குப் பாடசாலை கிடைக்காமல் போனது. பிள்ளைக்குத் தொற்றே இல்லை. 2016 இல் விஷயம் உயர் நீதிமன்றம் வரை போனது. பத்திரிகைக்காரருக்கும் இதில் ஒரு வேண்டுகோள்: மாவட்டத்தில் புதிதாக இத்தனை பேருக்குத் தொற்று, ஒருவருக்கு இன்ன வயது, இன்ன பகுதி என்று எழுதாதீர்கள். யாழ்ப்பாணத்துக்கே அது கூடாது. முல்லைத்தீவு மாதிரி சனம் குறைந்த மாவட்டத்தில் அந்த வரியை வாசித்ததும் ஊர் ஆள் தேடத் தொடங்கிவிடும்.

சட்டம் என்று பார்த்தால், 2011 இன் தேசிய எச்.ஐ.வி, எயிட்ஸ் கொள்கை இரகசியம் காக்கப்படவேண்டும் என்கிறது. கொள்கையை மீறியவரை நான் எங்கே கொண்டுபோய் நிறுத்துவது? இந்தியாவில் இதற்கென்றே 2017 இல் சட்டம் இயற்றி 2018 இல் அமுலாக்கினார்கள், ஒருவரின் சம்மதம் இல்லாமல் அவருடைய நிலையை வெளியே சொல்லக்கூடாது என்பது அதில் இருக்கிறது. இங்கே 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், உடல்நலம் பற்றிய தரவைச் சிறப்புக் கவனம் வேண்டிய வகையில் சேர்த்திருக்கிறது. ஆனால் அதன் முக்கிய பகுதிகள் அமுலாவது பின்போடப்பட்டது. அந்தச் சட்டம் ஏஜென்சிகளையும் மெடிக்கல் செய்யும் இடங்களையும் உண்மையாகக் கட்டுப்படுத்தும் நாள் வந்தால், என்னைப்போல ஒருவன் சப் ஏஜென்டின் வாயால் தன் வருத்தத்தை அறியவேண்டி வராது.

ஆகமொத்தம் நான் இந்தக் கிளினிக்கை நம்புகிறேன், வேறு மாவட்டத்துக்கு மாறும் எண்ணம் இல்லை. விரும்பியவர் தன் மாவட்டத்தை விட்டு வேறு மாவட்டக் கிளினிக்குக்கும் போகலாம், ஒருவரும் தடுக்கமாட்டார்கள். தட்டியை சீலிங் வரைக்கும் உயர்த்தவேண்டும், வாசலை மற்றப் பக்கம் மாற்றவேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். பலகையும் ஆணியும் தந்தால் ஞாயிற்றுக்கிழமையில் வந்து நானே கூலி இல்லாமல் அடித்துத் தருவேன் என்றும் எழுதினேன். மேலிடத்து அனுமதி வேண்டுமாம், இன்னும் வரவில்லை.

போக யோசிக்கிறவர்களுக்கு: நேரே போகத் தயக்கம் என்றால் 'நோ ஃபோர் ஷுவர்' என்ற அரச இணையத்தளத்தில் நேரம் பதியலாம், வீட்டிலேயே செய்து பார்க்கும் பரிசோதனைக் கருவியையும் அதன் மூலம் கேட்கலாம். சந்தேகமான தொடர்பு நடந்து 72 மணித்தியாலத்துக்குள் என்றால் பரிசோதனைக்கு முதல் தடுப்பு மருந்துக்காக ஓடுங்கள், அதற்கு நேரம் போனால் பயன் இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி மறித்து எங்கே என்று கேட்டால் "கிளினிக்" என்றால் போதும், எந்தக் கிளினிக் என்று சொல்லவேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. கிழமையின் முதல் நாளில் ஓபிடி நிரம்பி வழியும், அன்றைக்குத் தவிர்த்துக்கொள்ளுங்கள். பதியும்போது போன் இலக்கம் கேட்டால், யார் பெயரில் அழைக்கவேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.